வெள்ளிக்கிழமை ரோஜாப் பத்தி

ரோஜாப் பத்தியில் ரோஜா வாசம் வராது. இதைச் சொன்னால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். ஆனால் பதினெட்டு வருஷமாக அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா? செடியில் இருக்கும் ரோஜாவை முகர்ந்தால் லேசாக ஒரு பச்சை வாடை இருக்கும், கொஞ்சம் ஈர வாடையும் இருக்கும். பத்தியில் அதெல்லாம் கிடையாது. பாண்டுங் பால் கலக்க ரோஜா சிராப்பு பாட்டிலைத் திறந்தால் குப்பென்று மூக்கில் ஏறுமே, அதேதான். பெட்டியைப் பிரிக்கும்போதே வந்துவிடும். ஏற்றினால் வாசல்வரை ஓடிப் போய் நிற்கும். குச்சி முடிந்து அரை மணி நேரம் கழித்துத் தேடினால் போன இடம் தெரியாது. சேலைத் தலைப்பில் மட்டும் மறுநாள்வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

சந்தனத் தூளிலும் அகில் தூளிலும் செய்ததை எங்கள் கடையில் கட்டைப் பத்தி என்போம். அது அப்படியே நேர்மாறு. பெட்டியில் இருக்கும்போது பென்சில் சீவிய குப்பை மாதிரி ஒரு வறட்டு வாடை, அவ்வளவுதான். ஏற்றினாலும் உடனே ஒன்றும் தெரியாது. "என்னக்கா, இதுல வாசமே இல்ல லா" என்று திருப்பிக் கொண்டு வந்தவர்கள் உண்டு. பத்தியை ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போய், வெங்காயம் நறுக்கி, கறியைத் தாளித்துவிட்டு வந்து பார்க்கச் சொல்வேன். கூடத்துக்குள் கால் வைக்கும்போது அது அங்கே உட்கார்ந்திருக்கும். அணைந்த பிறகும் போகாது. திரைச்சீலையிலும் அலமாரிக்குள்ளும் மூன்று நாள் இருக்கும். சீனத்துப் பெரியவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஒரு குச்சியை உருவி, விரலால் தேய்த்து முகர்ந்து, தலையை ஆட்டினால் வாங்குவார்கள். ஆட்டாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டையும் கலந்தும் ஒரு பத்தி வரும். முதல் பாதி ரோஜா, பிறகு கட்டை. "ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரி இருக்கு தவுக்கே, எந்தப் பக்கம் மோந்தாலும் சண்டை" என்று கடை முதலாளியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பேச்சை இப்போது விட்டுவிட்டேன். ஏனென்றால் நாற்பத்திரண்டு வயதில் நானே ஒரு வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போனேன்.

என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த் பக்கம் கண்டெய்னர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். முதல் மனைவி இறந்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண். அப்போது ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தாள். கல்யாணம் பேசும்போதே அவர் எதையும் மறைக்கவில்லை.

"புள்ளைக்கு ஒரு வாக்கு குடுத்திருக்கேன்" என்றார். "வருஷக் கடைசி லீவு வரைக்கும் இருந்து பாரு, ஒத்து வரலன்னா கெப்பாலா பத்தாஸ்ல அத்தை வீட்டுல இருந்து பெரிய ஸ்கூல்ல ஃபார்ம் ஒன் படிச்சுக்கன்னு. அவ போறேன்னு சொன்னா நான் தடுக்க மாட்டேன். ஒங்களுக்குச் சம்மதமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு குழந்தையை அதன் வீட்டைவிட்டுத் துரத்தியவள் என்று பேர் வாங்கவா கல்யாணம்? ஆனாலும் தலையை ஆட்டினேன். மனதுக்குள், ஒன்பது மாதம் இருக்கிறதே, ஒரு சின்னப் பெண்ணின் மனதைப் பிடிக்க ஒன்பது மாதம் போதாதா என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பிள்ளை கிடையாது. ஆசை இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அவள் போகாமல் இருந்துவிட வேண்டும் என்று அந்த ஒன்பது மாதமும் வேண்டாத தெய்வமில்லை.

அந்தப் பெண் என்னிடம் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஓகே ஆன்ட்டி." "தேங்க்ஸ் ஆன்ட்டி." "பசியாறிட்டேன் ஆன்ட்டி." தன் தட்டைத் தானே கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைப்பாள். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டாள், தானே தேடிக்கொள்வாள். தலை பின்னிவிடட்டுமா என்றால், "பரவால்ல ஆன்ட்டி, நானே செஞ்சுக்குவேன்." பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவளிடம் இருப்பது போல அத்தனை மரியாதையாக இருந்தாள். அடங்காத பிள்ளையாக இருந்தால் நான் நாலு திட்டு திட்டியாவது பழகியிருப்பேன்.

வெள்ளிக்கிழமைகளில் நான் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவேன். வீட்டைத் துடைத்து, விளக்கேற்றி, பத்தி வைப்பது என் பழக்கம். புது வீட்டில் எந்த வாசம் ஒத்துவருமோ என்று முதலில் கட்டைப் பத்திதான் வைத்தேன். அது யாரையும் தொந்தரவு செய்யாது. அந்தப் பெண்ணும் கண்டுகொள்ளவில்லை. அறைக்குள்ளேயே பள்ளிக்கூடப் பாடம் செய்துகொண்டிருந்தாள். மூன்று நான்கு வாரம் இப்படியே போயிற்று. சரி, நமக்குப் பிடித்ததையாவது ஏற்றுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை கடையிலேயே உயர்ந்த ரோஜாப் பத்தியாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

ஏற்றி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அறைக் கதவு திறந்தது. அவள் வந்து சாமி மாடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள், சன்னலைச் சாத்தினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். பினாங்கு வெயிலில் மாடி வீட்டில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகுகிறது, அவள் அசையவில்லை. குச்சி முடியப் போகும்போது பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அதிலேயே பற்றவைத்தாள். நான் விளக்கை மலையேற்றும் வரைக்கும் அப்படியே இருந்தாள். கடைசிக் குச்சி சாம்பலாகிக் கீழே விழுந்த பிறகுதான் எழுந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசம் பிடித்துப் போய்விட்டது, என்னோடு வந்து உட்கார்ந்துவிட்டாள், இதைவிட என்ன வேண்டும்? அடுத்த வெள்ளியும் வந்தாள், அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வாள், ஆனால் பக்கம் புரளாது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று திரும்பிப் போய்விடுவேன். ரோஜாப் பெட்டிகள் வாரத்துக்கு ஒன்றாகத் தீர்ந்தன. நான் இரண்டாகக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை பெரும்பாலும் பின்னேர ஷிப்டு. நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். "அப்படியா, நல்லது" என்பார்.

எங்கள் தவுக்கே தமிழ் முஸ்லிம். அத்தர், சாம்பிராணி, பத்தி, பன்னீர் என்று சாமிக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் சேர்த்து விற்கிறவர். அவரிடம் பெருமையடித்தேன்.

"பொண்ணு என் பக்கம் சாஞ்சிட்டா தவுக்கே. நம்ம ரோஜாப் பத்திதான் காரணம்."

அவர் தலையைத் தூக்காமல், "பத்தி பக்கம் சாஞ்சாளா, ஒங்க பக்கம் சாஞ்சாளா, அதப் பாத்துக்குங்க தங்கச்சி" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. அன்றைக்கு முழுக்க அவரிடம் பேசவில்லை.

வருஷக் கடைசி விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது. மறுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா. அவளுக்கு ஒரு பஞ்சாபி உடுப்பு எடுக்க வேண்டும். துணிக்கடையை ஏழு மணிக்குச் சாத்திவிடுவான். ஐந்தரைக்கே விளக்கேற்றி, பத்தி வைத்து, கைப்பேசியில் வாடகைக் காரும் சொல்லிவிட்டேன். அவள் உடுத்திக்கொண்டு வந்தவள் நேரே மாடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"காடி கீழ வந்துருச்சு, எந்திரிம்மா."

"இது முடியட்டும் ஆன்ட்டி."

"அது பாட்டுக்கு எரியட்டும். வந்து வேற ஏத்திக்கலாம்."

"நீங்க போங்க ஆன்ட்டி. எனக்கு எதுவா இருந்தாலும் ஓகே."

கீழேயிருந்து கார்க்காரர் கூப்பிட்டார். நான் இரண்டு நிமிடம் என்றேன். அவள் அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் மறுபடியும் கூப்பிட்டார். ஒன்பது மாதமாக அடக்கி வைத்திருந்த கோபம் எங்கிருந்துதான் வந்ததோ, இரண்டு எட்டில் போய்ப் பத்தியைப் பிடுங்கி, சாம்பல் கிண்ணத்தில் அழுத்தித் தேய்த்து அணைத்துவிட்டேன்.

"முடிஞ்சிருச்சு. இப்ப எந்திரி."

அவள் கத்தவில்லை. கிண்ணத்திலிருந்து அந்தக் குச்சியை எடுத்தாள். நெருப்புப் பெட்டியை எடுத்து உரசினாள். நசுங்கிய நுனி பற்றுவதற்குள் தீக்குச்சி அணைந்துபோயிற்று. இரண்டாவதும் அணைந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. கார்க்காரரை அனுப்பிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா? என்ன ஆச்சு? வேற குச்சி இருக்கே."

"வேற ஏத்தினா சரியாகாது ஆன்ட்டி" என்றாள். "அன்னிக்கும் இப்படித்தான் பாதியில அணைஞ்சிருச்சு."

"என்னைக்கு?"

"அம்மா செத்த அன்னிக்கு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கும் பத்தியும். எடுக்கிற வரைக்கும் பத்தி அணையக் கூடாது, ஒன்று முடிவதற்குள் அதிலேயே இன்னொன்றைப் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லி இவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். பத்து வயது அப்போது. காலையிலிருந்து அந்த ரோஜாப் புகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறாள். மத்தியானம் யாரோ தேத்தண்ணி குடிக்க உள்ளே கூப்பிட்டார்கள். புதுக் குச்சியை ஏற்றி வைத்துவிட்டுத்தான் போனாள். அரை கிளாஸ் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் அது பாதியில் செத்துக் கிடந்தது.

"ஒரு பெரியம்மா பாத்துட்டாங்க. பத்தி அணைஞ்சா ஒங்கம்மா போற பாதையெல்லாம் இருட்டாயிரும், அணைய விட்டுட்டியேன்னு திட்டினாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன் ஆன்ட்டி. எனக்குப் பசிச்சுது, அதான் போனேன்."

எட்டு மாதமாக நான் பெருமையடித்துக்கொண்டிருந்தது இதைத்தான். பிடித்துப் போய் உட்காரவில்லை. நான் ரோஜாவை ஏற்றும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பிள்ளை தன் அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் வாரத்துக்கு இரண்டு பெட்டி வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன்.

எனக்குத் தேற்ற வராது. கடைக்காரி பேச்சுதான் வந்தது. "நல்ல பத்தின்னா பாதியில அணையாதும்மா. என்ன பத்தி வாங்கினாங்க அன்னிக்கு? பெட்டியில இருந்துச்சா?"

"பெட்டி இல்ல. கட்டு கட்டா இருந்துச்சு. செவப்புத் தாள் சுத்தி. தாள்ல தங்கக் கலர்ல சைனீஸ் எழுத்து இருக்கும். நாள் பூரா அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

வெளியில் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வருஷக் கடைசி மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும். சில வருஷம் கடைக்குள்ளும் வந்துவிடும். அடித்தட்டுப் பெட்டிகள் நனைந்துபோகும். "தூக்கிப் போடுங்க தங்கச்சி" என்பார் தவுக்கே. எனக்கு மனசு வராது. பெட்டியைப் பிரித்து, குச்சிகளைக் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் காயவைத்து, கட்டாகக் கட்டி, சீனப் பெருநாளுக்கு வந்து மிஞ்சிய சிவப்புத் தாளைச் சுற்றி வைப்பேன். வாசம் அப்படியே இருக்கும். ஆனால் உள்ளே ஈரம் ஏறிய பத்தி ஒழுங்காக எரியாது, பாதியில் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். அதனால் பழகின வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க மாட்டேன். சாவு வீட்டுக்கு என்று வாங்க வருகிறவர்களுக்குக் கொடுப்பேன். அவர்கள் முகர்ந்து பார்க்க மாட்டார்கள், குறை சொல்லத் திரும்பி வர மாட்டார்கள். ஏதோ சிக்கனம் செய்து கடைக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பினாங்கு முழுக்கத் தேடினாலும் அப்படிக் கட்டின பத்தி வேறு கடையில் கிடைக்காது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். 'மழைக்காலம்மா, பத்தி அப்படித்தான் அணையும், உன் தப்பு இல்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும் என்று தோன்றியது. அந்த வாரக் கடைசியில்தான் அவள் அத்தை வீட்டுக்குப் போவதா, இருப்பதா என்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் போயே விடுவாள். ஆனால் மொட்டையாக 'உன் தப்பு இல்லை' என்றால் அவள் நம்ப மாட்டாள். அந்தப் பெரியம்மா சொன்னதுதான் அவள் மனதில் நின்றிருக்கிறது. யார் தப்பு என்று தெரிந்தால்தான் அவளுக்கு விடுதலை. ஒரு பிள்ளை அரை கிளாஸ் தேத்தண்ணி குடித்ததற்காக இரண்டு வருஷம் இப்படிக் கிடந்ததா என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அது நான் கட்டின கட்டு" என்றேன். "நனைஞ்சு போன பத்தி. பாதியில அணைஞ்சிரும்னு எனக்குத் தெரியும். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் அது அணைஞ்சிருக்கும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். மழை, காயவைத்தது, சிவப்புத் தாள் எல்லாம் சொன்னேன்.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"எங்கம்மாவுக்கா?"

"ஒங்கம்மாவுக்குன்னு தெரியாது. யாரோ செத்துட்டாங்கன்னு மட்டும் தெரியும்."

அவள் எழுந்து நின்றாள். "நீ எதுக்கு அப்படிச் செஞ்ச?" என்று கேட்டாள். ஒன்பது மாதத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "நல்ல பத்தி குடுத்தா என்ன? நான் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா ஒனக்கு? கால் மரத்துப் போச்சு. எல்லாரும் என்னையத் திட்டினாங்க. நீ எங்கயோ கடையில உக்காந்திருந்த."

அவள் பேசித் தீர்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் அப்பா வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் அவள அங்க உக்கார வச்சேன்" என்றார் கடைசியில். "அழுதுகிட்டே இருந்தா. கையில ஒரு வேலயக் குடுத்தா அழ மாட்டான்னு நெனச்சேன். அழலதான்."

மறுநாள் விழாவுக்குப் பழைய உடுப்பிலேயே போனாள். அன்று சாயந்திரம் துணிகளை அடுக்கிக்கொண்டு அப்பாவோடு கெப்பாலா பத்தாஸுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. "வரேன் ஆன்ட்டி" இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய பையாகத்தான் எடுத்துப் போனாள். அவள் அறையைப் பெருக்கப் போனேன். மேசை மேல் ஒரு பென்சில்கூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

திங்கட்கிழமை கடையில் அடித்தட்டில் இருந்த சிவப்புக் கட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். ஏன் என்று தவுக்கே கேட்டார், சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை, அது நியாயம்தான். மறுநாள் வந்து, "இனிமே அந்தத் தட்டுல எதுவும் வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். நான் தட்டையே கழற்றிவிட்டேன்.

வீட்டில் இரண்டு வெள்ளிக்கிழமை விளக்கு மட்டும் ஏற்றினேன். பத்தி வைக்கவில்லை. அத்தை வீட்டிலிருந்து தகவல் எல்லாம் அப்பா வழியாகத்தான் வந்தது. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பூப்பந்து விளையாடுகிறாள். பள்ளிக்கூடம் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை. அத்தை மட்டும் அங்கே இடம் கேட்டு வைத்திருக்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, கடையில் இருக்கும்போது கைப்பேசி அடித்தது. அவளேதான் பேசினாள்.

"சனிக்கிழமை அம்மாவுக்குத் திதி. இங்க அத்தை வீட்டுல படைக்கிறாங்க" என்றாள். எடுத்த எடுப்பில் விஷயம்தான், ஆன்ட்டியும் இல்லை, சுகமா என்பதும் இல்லை. "நீங்க பத்தி கொண்டாங்க. நல்லதா."

"கொண்டு வரேம்மா. நீ சொல்லு, ரோஜா எது வேணுமோ..."

"ரோஜா வேணாம். எனக்கு ரோஜா வாசம் புடிக்கவே புடிக்காது. மொதல்ல நீங்க வீட்டுல வைப்பீங்களே, வாசமே இல்லாம ஒன்னு. அது."

"கட்டைப் பத்தி."

"அதான். நனைஞ்சது கொண்டாராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் குத்தல் எனக்கு வேண்டியதுதான். புதிதாக வந்த பெட்டிகளைப் பிரித்தேன். பெட்டிக்கு ஒரு குச்சியாக எடுத்து அஞ்சடியில் ஏற்றி வைத்து, கடைசிவரை எரிகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நாலு பெட்டி தேறியது. கட்டைப் பத்தி மெதுவாகத்தான் எரியும். வாடிக்கைக்காரர்களைத் தவுக்கேயே கவனித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் நானும் வீட்டுக்காரரும் கெப்பாலா பத்தாஸுக்குப் போனோம். அந்தம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்து எல்லாம் வைத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். நான் பெட்டிகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொள்ளலாம் என்று திரும்பினேன்.

"எங்க போறீங்க?" என்றாள். "இங்க உக்காருங்க. எல்லாரும் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் அணையக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்."

ஒரு பெரியம்மா முகத்தைச் சுளித்தார். "மூத்தவ படத்துக்கிட்ட ரெண்டாவதா வந்தவ உக்காரலாமா? நீ உக்காரும்மா, நீதான் மக."

"நான் ஏற்கெனவே உக்காந்துட்டேன் பெரியம்மா. இப்ப இவங்க உக்காரட்டும்" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். அவளே முதல் குச்சியை ஏற்றி என் கையில் கொடுத்தாள். படைத்து, கும்பிட்டு, எல்லாரும் சாப்பிடப் பின்கட்டுக்குப் போனார்கள். நான் படத்துக்கு முன்னால் தனியாக இருந்தேன். அந்தம்மாவுக்கு என்னைவிடச் சின்ன வயது. மன்னித்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். முட்டி வலிக்க ஆரம்பித்தது. இந்த வலியோடு ஒரு பத்து வயதுப் பிள்ளை காலையிலிருந்து உட்கார்ந்திருந்திருக்கிறது.

அத்தை சமையலறை வாசலில் அவளை நிறுத்திக் கேட்பது காதில் விழுந்தது.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்? இங்கதான படிக்கப் போற?"

குச்சி முடியப் போகிறது. நான் அடுத்ததை அதில் பற்றவைக்க வேண்டும். குச்சியைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வேணாம் அத்தை. நான் அங்கயே படிக்கிறேன்."

"ஏன்டி? அவங்க மேல கோவம்னு மூனு வாரமா சொல்லிக்கிட்டு இருந்த?"

"கோவம் இன்னும் இருக்கு. இங்க இருந்தா யார்கிட்ட காட்டுறது?" என்றாள். "பசிக்குது அத்தை. எனக்கு எல போடுங்க."

புதுக் குச்சி பற்றிக்கொண்டது. உள்ளே பாத்திரச் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், அங்கிருந்த பிள்ளைகளோடு அவள் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். பாயசம் கேட்டாள். அதன் பிறகு தேத்தண்ணி கேட்டாள். நான் ஒன்று முடிவதற்குள் அதிலேயே இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பத்தி எரிகிறதா என்று பார்க்க அவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.